மூத்திர டாக்டரின் அப்பா

கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் காலையில் தேநீர் குடிப்பதில்லை. காற்று கேபினைப் பிடித்து ஆட்டும். ஆடுகிற கேபினில் நிறைந்த வயிற்றோடு உட்கார்ந்துகொண்டு ஒரு கன்டெய்னரை லாரியின் முதுகில் பிசகாமல் இறக்க முடியாது. அவசரத்துக்கு இறங்கலாம் என்றால், அந்த நீளமான இரும்பு ஏணியில் இறங்கி, தகரக் கழிப்பறைக்கு நடந்து, திரும்ப ஏறி வருவதற்குள் கீழே லாரிகள் வரிசை கட்டிவிடும். ஓட்டுநர்கள் ஹாரனை அமுக்கியபடி மேலே பார்த்துத் திட்டுவார்கள். அதனால் எல்லோரும் இருக்கைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் புட்டி வைத்திருந்தார்கள். கரையோரத்துக் கடைசி கிரேனை ஓட்டியவர் அதைக்கூட வைத்துக்கொண்டதில்லை. ஏறினால் ஷிஃப்ட் முடிந்துதான் இறங்குவார். அங்கே எல்லோரும் கிரேன்தான் ஓட்டினார்கள் என்றாலும், கிரேன்காரர் என்றால் அது அவர்தான். புதிதாகச் சேருகிறவர்களிடம் அவரைக் காட்டி, அவருக்கு வயிறு இரும்பு என்பார்கள். அவர் காதில் விழாத மாதிரி நடப்பார். விழாமல் இருக்காது.

அன்று காற்றோடு சளியும் சேர்ந்திருந்தது. மூக்கடைத்துக்கொண்டு புருஷன் வாயால் மூச்சு விடுவதைப் பார்க்கச் சகிக்காமல், அவர் மனைவி மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கி, ரொட்டித் தட்டின் ஓரத்தில் வைத்துக் கொடுத்திருந்தாள். மூக்கு திறந்துகொண்டது. கீழே மூடிக்கொண்டது. மதியம் நெருங்கும்போது அவர் கேபினுக்குள் எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, தெர்மாஸ் மூடியைக் கையில் எடுத்தார். எவ்வளவு முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறக் கடல் மேலே போய்க் கீழே வந்தது.

தொங்கிக்கொண்டிருந்த பெட்டியை அவர் லாரியில் சரியாகத்தான் இறக்கினார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, இறங்குகிறேன் என்று மட்டும் சொன்னார். கீழே நின்று சைகை காட்டுகிறவருக்கு, கழுத்தில் எந்நேரமும் ஊதல் தொங்குவதால், விசில் என்று பெயர். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அந்த நேரத்தில் விசில் கேட்டதே இல்லை. லாரிகளை அப்படியே விட்டுவிட்டு ஏணிக்கு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், தெருமுனையில் ஒரு சின்ன டாக்டர் இருக்கிறார், அங்கே போ என்று கிரேன்காரர் துறைமுக வேனில் மடங்கிக் கிடந்தபடி சொல்லிக்கொண்டே வந்தார். வேன் ஓட்டியவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வழியில் இருந்தது.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீர்ப் பாதை அறுவை சிகிச்சைப் பிரிவில், அவருடைய ஒரே மகள் டாக்டராக இருந்தாள்.

அவள் அந்தப் படிப்பை எடுத்தபோது பேராசிரியர் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். பிரசவம் பார்க்கலாம், குழந்தைகளைப் பார்க்கலாம், கண் இருக்கிறது, காது இருக்கிறது, கிழவர்களின் மூத்திரத்தோடு ஒரு பெண்ணுக்கு என்ன வேலை என்றார். அடைத்துக்கொண்ட ஒன்றைத் திறந்துவிட்டதும் மனுஷன் முகம் மாறுகிற மாற்றம் வேறு எந்த வார்டிலும் கிடையாது என்று அவள் பதில் சொன்னாள். அது நிஜம்தான். ஆனால் முகம் மாறுவதற்கு முதலில் அந்த மனுஷன் உள்ளே வந்து உட்கார வேண்டும். ஆரம்ப வருடங்களில் பாதிப் பேர் கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் முதுகு வலி, கால் வலி, தூக்கமில்லை என்று ஊரைச் சுற்றினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆண்களுக்கு நீர்ப்பையின் கழுத்தைச் சுற்றிப் புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, வயதானால் அது பெருக்கும், பெருத்தால் நடுவில் போகும் வழியை நெரிக்கும், தலை நரைப்பதற்கு வெட்கப்படாதவர் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்பாள். நாளாக ஆக, மறைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு உள்ளங்கை சூடாகும்.

அவள் அப்பா வெளியில் அவளை 'ஆபரேஷன் டாக்டர்' என்றுதான் சொல்வார். என்ன ஆபரேஷன் என்று கேட்டால், எல்லா ஆபரேஷனும் என்பார். ஒரு உறவினர் வீட்டு விருந்தில் யாரோ வேடிக்கையாக, வாங்க மூத்திர டாக்டரோட அப்பா என்று கூப்பிட, அவர் கையில் எடுத்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று மகள் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. விஷயம் அப்படியே உறைந்துபோனது.

வேன் வந்து சேர்ந்தபோது மகள் தியேட்டரில் வேறொரு கிழவருக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் ஜூனியர், நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம் என்பதால் சிஸ்டர்கள் நெட்டை டாக்டர் என்பார்கள், அவன்தான் கிரேன்காரருக்கு நீரை வெளியேற்ற டியூப் போட்டான். முடித்துவிட்டுத் தியேட்டர் வாசலுக்கு வந்து, அவள் கை கழுவுகிற வரை காத்திருந்தான். ஒரு பெரியவர் வந்திருக்கிறார், பை நிறைந்து வழிகிற அளவுக்கு நீர் வந்தது, ஸ்கேனில் இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கின்றன, பல மாதமாக உள்ளே தேங்கியே இருந்திருக்கிறது என்றான்.

"எந்த மடையன் இத்தனை நாள் விட்டுவெச்சான்?"

நெட்டை டாக்டர் தரையைப் பார்த்தான். "பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார் மேடம். ஆனா அவருக்கு உங்க மூக்கு."

அவள் வார்டுக்குப் போய்த் திரையை விலக்கினாள். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே பை தொங்கியது. அவள் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் பையைப் பார்த்தாள், பழக்கம். பிறகு, வலி இருக்கா, ரத்தம் வந்துச்சா, எப்போதிலிருந்து இப்படி என்று மற்றவர்களைக் கேட்கிற குரலில் கேட்டாள். அவர், டியூபை எடுக்கச் சொல்லு, வீட்டுக்குப் போறேன் என்றார். இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா என்றாள்.

"நீ சொன்னதுதான்."

"நான் எப்பப்பா சொன்னேன்?"

"ஃபோன்ல."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சாயங்காலங்களில் நோயாளிகள் மகளைக் கூப்பிடுவார்கள். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஃபோனைத் தோளில் இடுக்கி, பொறுமையாகச் சொல்வாள். இருட்டினதுக்கப்புறம் தண்ணியைக் குறைங்க. காபி வேண்டாம். போயிட்டு வந்து கொஞ்சம் நின்னு மறுபடி ஒரு தடவை போங்க. அந்த மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. முன்னறையில் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார். அவள் பேசுவதற்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று குறைக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் ஒன்றுவிடாமல் கேட்டு, ஒன்றுவிடாமல் செய்துவந்திருக்கிறார். மாத்திரையின் பெயரைக் காதில் வாங்கி, மூன்று தெரு தள்ளி ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். அதை வைத்தே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். சளி மாத்திரை நீர்வழியை இறுக்கிவிடும், தொடாதீர்கள் என்பதை மட்டும் அவள் ஃபோனில் சொல்வதில்லை. அது நேரில் சொல்வது.

 அவள் குரலே அவள் முதுகுக்குப் பின்னால் இருந்து வேலை பார்த்திருக்கிறது. யார் யாருக்கோ பரிவோடு சொன்ன ஒவ்வொன்றும் அப்பாவின் நோயை அவள் கண்ணிலிருந்து மறைக்கத்தான் உதவியிருக்கிறது. கோபத்தில் அவளுக்குக் காது அடைத்தது. எதிர்க் கட்டிலில் இருந்தவர் ஆர்வமாகப் பார்ப்பதைக் கண்டு திரையை இழுத்து மூடினாள்.

அம்மா வேலையிலிருந்து நேராக வந்தாள். ஒரு ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை. சட்டைக் கை முழங்கை வரை ஈரம், உடம்பெல்லாம் நீராவியும் வெளுப்பு மருந்தும் கலந்த வாசனை. மகள் சொன்னதை நின்றபடி கேட்டாள். சளி மாத்திரை என்ற இடத்தில் மட்டும் கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குடுத்ததா?"

 அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்னி ஆறும்வரை டியூபோடு வீட்டில் இருக்கட்டும், பிறகு ஆபரேஷன், மாத்திரைக் கட்டமெல்லாம் தாண்டிப் போயாச்சு என்று நெட்டை டாக்டர் எடுத்துச் சொன்னான். கிரேன்காரர் டியூபுக்குச் சம்மதித்தார். ஆபரேஷனுக்கு முடியாது என்றுவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளோடு வேலை பார்க்கிறவர்கள், நாளைக்கு அவள் முகத்தைப் பார்க்கும்போது அவனவனுக்கு என் ஞாபகம் வருமே என்பது அவர் சொன்ன ஒரே காரணம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் மகள். அங்கேயும் உன் பேரு தெரிஞ்சவங்கதானே என்றார். அதுவும் உண்மை. இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு என்பதால் அவளை எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் முன்னறை சோபாவில், போர்வைக்குள் பையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா சூப் வைத்தாள், மீன் வறுத்தாள், தட்டை அவர் முன்னால் சத்தமாக வைத்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் பாத்திரங்கள் பேசும். ஜன்னலுக்கு வெளியே மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போய்க்கொண்டிருந்தது. மகள் காலையில் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, எப்ப வெச்சுக்கலாம் என்று கேட்டாள். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு மதியம் அம்மா பையைக் காலி செய்ய வந்து குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு, நானே பாத்துக்கறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அவள் நிமிர்ந்தாள்.

"நீங்களே பாத்துக்கிட்டது போதும். உங்க துணியை நீங்களே தொவைச்சுக்கிட்டீங்க. ஒரு ஓட்டல் முழுக்க இருக்கிற படுக்கை விரிப்பைத் தொவைக்கிறவ நான். என் வீட்டு ஆம்பளை குளியலறையில உக்காந்து உள்ளாடையை அவரே கசக்குறார். வேர்வைன்னீங்க. சரின்னேன். வீட்டுக்குள்ள புழுங்குதுன்னு தலையணையைத் தூக்கிட்டு முன்னறைக்கு வந்தீங்க. சரின்னேன்."

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்..."

"எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனைச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. டியூப் இழுத்ததால் பாதியில் முகம் சுளித்தது. அது அவர் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு.

"சிரிக்காதீங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "ரெண்டு வருஷம். அவ எப்படி இருப்பா, உயரமா குட்டையா, உங்களை என்னன்னு கூப்பிடுவா, எல்லாம் யோசிச்சிருக்கேன். உள்ளறையில தனியாப் படுத்துக்கிட்டு அவளுக்கு மனசுக்குள்ள நானே தலை வாரி விட்டிருக்கேன். தொவைக்கிற இடத்துல ஒவ்வொரு விரிப்பையும் எடுக்கிறப்ப, இப்படி ஒரு ரூமுக்குத்தான் போறாரோன்னு பாத்திருக்கேன். நீங்க என்னடான்னா மூத்திரத்தை ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

அவள் பையைக் காலி செய்தாள், கை கழுவினாள், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்று சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிரேன்காரர் பையைக் கெண்டைக்காலில் வார் போட்டுக் கட்டி, மேலே தொளதொள கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, துறைமுக யார்டுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை. ஏணியடியில் மேற்பார்வையாளர் அவரைப் பார்த்துவிட்டு, காலைப் பார்த்துவிட்டு, ஓய்வறையில் போய் உட்காருங்கள் அண்ணே என்றார். அவர் மீறி இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் டியூப் எங்கோ சிக்கி உயிர் போகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது. அப்படியே கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கிரேனில் வேறு யாரோ உட்கார்ந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விசில்தான் வந்து இறக்கி, ஓய்வறைக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரை, நீள பெஞ்சு, சுவரில் மாட்டிய ஹெல்மெட்டுகள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். கிரேன்காரர் திட்ட ஆரம்பித்தார்: மேற்பார்வையாளரை, வேன் ஓட்டியவரை, சளி மாத்திரையை, டியூபைக் கண்டுபிடித்தவனை. விசில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். அதெல்லாம் கிடையாது என்றார் கிரேன்காரர். என் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும், பெத்த பொண்ணு வேலை பார்க்கிற இடத்தில் போய்க் காலை விரிச்சுப் படுக்க முடியுமா என்றார்.

விசில் தேநீரை இரண்டு கோப்பையில் ஊற்றினார். ஒன்றை நண்பரிடம் தள்ளினார்.

"எனக்கு ஆயிடுச்சுடா."

"என்ன ஆயிடுச்சு?"

"அதே ஆபரேஷன். போன வருஷம் குடலிறக்கம்னு லீவு போட்டேன்ல. அது இதுதான்." ஒரு வாய் குடித்தார். "உன் பொண்ணுதான் பண்ணுச்சு."

கிரேன்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "என் பொண்ணுகிட்டயா போன?"

"டாக்டர்கிட்ட போனேன்."

"அவ சின்னப் புள்ளையில உன் தோள்ல உக்காந்து கப்பல் பாத்தவடா. உனக்கு வெக்கமா இல்ல?"

"இருந்துச்சு. வாசல் வரைக்கும் போயி ரெண்டு தடவை திரும்பி வந்தேன். மூணாவது தடவை உன் பொண்ணு வெளிய வந்து, மாமா, உள்ள வந்து நின்னுட்டாவது போங்கன்னுச்சு. அவ்வளவுதான். மாமான்னு கூப்பிட்டது அந்த ஒரு வாட்டிதான். உள்ள போனதுக்கப்புறம் ஐயான்னுதான் பேசுச்சு. எனக்கும் அது ஈஸியா இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்னை அடிச்சிருப்ப."

"இப்ப அடிக்க மாட்டேன்னு யாரு சொன்னா?"

"இப்ப உன்னால துரத்த முடியாதுடா" என்றார் விசில்.

கிரேன்காரர் எழுந்து வெளியே வந்தார். தேநீர் அப்படியே இருந்தது. வழியெல்லாம் கோபம் அவரோடு நடந்து வந்தது. விசில் மேல், மகள் மேல், ஒரு வருடமாகத் தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாத அவள் வாய் மேல். வீட்டில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை வாசலிலேயே மறித்தார்.

"விசிலுக்கு நீதான் பண்ணியா?"

"யாருக்கு என்ன பண்ணினேன்னு நான் வீட்டுல பேசுறதில்லப்பா."

"உங்கப்பன்கிட்டகூடவா?"

"உங்ககிட்டத்தான் முதல்ல பேசக்கூடாது." அவள் காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட வர்றவங்களுக்கு அந்தப் பயம் இருந்தா ஒருத்தர் வர மாட்டாங்க. நீங்க ஒரு ஆளு போதாதா, வராம இருக்கிறதுக்கு?"

அவர் வழியை விட்டு விலகினார். அவள் வாசற்படி இறங்கும்போது பின்னாலிருந்து, அந்த நெட்டையன் பண்ணட்டும் என்றார். நீ பண்ணக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். நீங்க கெஞ்சினாலும் நான் பண்ண மாட்டேன், சொந்த அப்பாவுக்கு யாரும் பண்ண மாட்டாங்க, அதுவும் இவ்வளவு கோவத்தோட என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் அன்று அவள் தியேட்டருக்கு வெளியே இருந்த பெஞ்சில், உறவினர்கள் உட்காருகிற இடத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பல் வைத்தியர் வீட்டுப் பெஞ்சு மாதிரி குறுகலாக, முதுகில் குத்துகிற மாதிரி இருந்தது. இத்தனை பேரை இதில் உட்கார வைத்திருக்கிறோம், யாரும் ஏன் சொல்லவில்லை என்று அதற்கும் கோபம் வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது அவளுக்குக் கண்ணை மூடாமலே தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருப்பார்கள். வெளியில் கத்தி படுகிற இடமே கிடையாது. நீர் வரும் வழியாகவே ஒரு குழல் உள்ளே போகும். அதன் நுனியில் ஒரு விளக்கும் ஒரு கண்ணும் மின்சாரம் ஏறும் கம்பி வளையம் ஒன்றும் இருக்கும். வழியை நெரித்துக்கொண்டிருக்கிற சதையை அந்த வளையம் உள்ளிருந்தே சீவல் சீவலாகச் சீவும். ரத்தம் கசிகிற இடத்தைச் சுட்டு மூடும். கழுவுநீர் ஓயாமல் உள்ளே போய் வெளியே வரும். திரையில் கடலடி மாதிரி இருக்கும், சீவல்கள் மிதந்து போகும். வளையம் கீழே ஒரு எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீரை அடக்குகிற சக்தியே போய்விடும். நெட்டை டாக்டருக்கு அந்த எல்லையைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். அவன் கை நல்ல கை. இருந்தும் அவள் வலது கால் பெஞ்சுக்குக் கீழே, வளையத்துக்கு மின்சாரம் கொடுக்கிற மிதியைத் தேடித் தேடித் தரையை அமுக்கியது.

அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கிற ஆம்பளைங்களை எல்லாம் கேக்குற. எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க, எரியுதா, சொட்டுதான்னு. வீட்டுல இருக்கிறவரை ஒரு நாள் கேட்டியா?"

மகள் பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். "நீ கேட்டியாம்மா? தலையணையைத் தூக்கிட்டுப் போனாரே. ஏன் போறீங்கன்னு நீ கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"ஆமான்னு சொல்லிடுவாரோன்னு." அம்மா கைகளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டாள், வெளுப்பு மருந்தில் வெந்து, நுனி விரல்களில் ரேகையே இல்லாத கைகள். "உனக்கு என்ன பயம்? நீ படிச்சவ. உன் தொழிலே அதுதானே?"

தனக்கு என்ன பயம் என்று மகள் யோசித்தாள். சாயங்காலம் அவர் டிவி சத்தத்தைக் குறைப்பது தெரியும். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பதும், உண்மையைச் சொன்னால், காதில் விழுந்திருக்கிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்ட மாத்திரத்தில் வரச் சொல்லியிருப்பாள். விருந்து வீட்டில் மேசையில் வைத்துவிட்டு வந்த அந்தத் தட்டு ஞாபகம் வந்து, அவரே வரட்டும், அவர் வாயாலேயே என்னை டாக்டர் என்று கூப்பிடட்டும் என்று எங்கோ ஒரு மூலையில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை அம்மாவிடம் சொன்னாள். அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அப்பனுக்கு ஏத்த பொண்ணு" என்றாள் அம்மா.  தியேட்டர் கதவு திறந்து நெட்டை டாக்டர் குனிந்து வெளியே வந்து, நல்லபடியா முடிஞ்சது என்றபோது, இருவருமே அவனைத் திட்டப் போகிறவர்கள் மாதிரிதான் எழுந்து நின்றார்கள்.

கழுவுநீர் முதலில் சிவப்பாக வந்தது, பிறகு வெளிறியது, பிறகு தெளிந்தது. டியூபை எடுத்த காலையில் கிரேன்காரரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு வார்டே காத்திருந்தது. அவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டு எதிர்க் கட்டில்காரர், தீயணைப்பு வண்டி வந்துடுச்சுப்பா என்றார். அவர் வெளியே வந்தபோது முகம் மாறித்தான் இருந்தது. மகள் வார்டு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நெட்டை டாக்டர் கட்டிலருகே வந்து எல்லாம் சொன்னான். பாரம் தூக்கக்கூடாது, ஏணி ஏறக்கூடாது, தண்ணீர் நிறைய குடிக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் லேசாகச் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அப்புறம், என்று இழுத்தான். அம்மாவைப் பார்த்தான். ஐயாகிட்ட தனியா ஒண்ணு பேசணும் என்றான்.

அம்மா பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நான் எழுந்து போகணுமா?"

"இல்லம்மா, ஏற்கெனவே ஆபரேஷனுக்கு முன்னாடியே ஐயாகிட்ட சொன்னதுதான்."

அவள் இப்போது நிறுத்தினாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு வேற இருக்கா?"

கிரேன்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்குறீங்க? இங்க பாருங்க. இனிமே உங்க உடம்புல எனக்குத் தெரியாம ஒண்ணு இருந்துச்சுன்னா, நான் பொட்டியைக் கட்டிட்டு நம்ம ஓட்டல்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுவேன். விரிப்பை நானே தொவைச்சுக்குவேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நெட்டை டாக்டர் எங்கே நிற்பது என்று தெரியாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றான். திரைக்கு அந்தப் பக்கம் எதிர்க் கட்டில்காரரின் இருமல்கூட நின்றுவிட்டிருந்தது. கிரேன்காரர் தலையைத் திருப்பி, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார்.

"நீயே சொல்லு" என்றார்.

அவள் உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். மற்ற நோயாளிகளிடம் பேசுகிற குரலிலேயே, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், அப்பாவைப் பார்த்துப் பாதியும் அம்மாவைப் பார்த்துப் பாதியுமாகச் சொன்னாள். அந்த இடத்தில் வழி அகலமாகிவிட்டதால், புருஷன் பெண்டாட்டி சேரும்போது விந்து வெளியே வராமல் பின்பக்கமாக நீர்ப்பைக்குள் போய்விடும். பிறகு நீரோடு சேர்ந்து போய்விடும். அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆசை, சுகம் இதெல்லாம் பெரும்பாலும் முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். ஏதாவது குறையாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான்."

"இதையா ஒளிச்சு வெச்சீங்க?"

கிரேன்காரர் போர்வையின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா மிச்சத் துணியைப் பைக்குள் திணித்தாள், ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, மறுபடி இழுத்தாள்.

"எவ்வளவு நாள் கழிச்சு?"

"ஏணி ஏறவாம்மா? அது..."

"ஏணியை யாரு கேட்டா?"

நெட்டை டாக்டர் சுவரில் இருந்த ஆக்ஸிஜன் குழாயை உன்னிப்பாக ஆராய ஆரம்பித்தான். மகள் ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஆறு வாரம் போகட்டும்மா."

"சரி. ஆறு வாரம் முன்னறையிலயே படுக்கட்டும். அதுக்கப்புறம் எனக்குக் கோவம் தீர்ந்திருந்தாத்தான்." அவள் கட்டிலைச் சுற்றி வந்து, அவர் குனியக்கூடாது என்பதால், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, ஷூவை மாட்டி, கயிற்றை முறுக்கி இழுத்தாள்.

"இறுக்குது" என்றார் அவர்.

"இறுக்கட்டும்" என்றாள்.